எண் பொறித்த பித்தளை, பெயர் பொறித்த கல்

தருமபுரி நகரில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்துக்குப் போனால் நடுகற்களைப் பார்க்கலாம். கையில் வில்லோ வாளோ ஏந்திய வீரன், சில கற்களில் உடலில் தைத்த அம்புகள், சிலவற்றில் மாடுகள். எழுத்துள்ள கற்களில் அரசனின் ஆட்சியாண்டு, ஊர், இறந்தவன் பெயர், எதற்காக இறந்தான் என்ற செய்தி எல்லாம் இருக்கும். பெரும்பாலும் தொறு மீட்கப் போய் மாண்டவர்கள். அதாவது ஊரின் மாட்டு மந்தையைக் காக்கப் போனவர்கள். சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் காலத்துக் கற்களெல்லாம் இந்த வட்டாரத்திலும் அடுத்துள்ள செங்கம் வட்டாரத்திலும் கிடைத்திருக்கின்றன. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பு மாட்டுக்காக உயிர்விட்ட ஒருவனின் பெயரை இன்று நின்று படிக்க முடிகிறது.

இதே வட்டாரத்திலிருந்து நூறு, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு பிழைக்கப் போய் மண்ணுக்கடியில் மாண்டவர்களின் பெயர்களை எங்கே படிப்பது? இந்தக் கேள்வியோடுதான் கர்நாடகத்தில் இருக்கும் கோலார் தங்கவயலுக்குப் போனேன்.

சுரங்கம் தீர்ந்த நகரங்களை மரபுத் தலங்களாக மாற்றும் பேச்சு உலகெங்கும் இருபது, முப்பது ஆண்டுகளாக நடக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை நிலக்கரி நகரங்கள். தமிழ்நாட்டில் திட்டமிட்டுக் கட்டிய சுரங்க நகரம் என்றால் நெய்வேலிதான் நினைவுக்கு வரும். 1956-இல் நிறுவனம் தொடங்கி, 1957-இல் நேரு வெட்டுப்பணியைத் தொடங்கிவைத்த பழுப்பு நிலக்கரி நகரம். ஆனால் அது இன்னும் உழைக்கும் ஊர். அதை நினைவுச்சின்னமாகப் பேசும் காலம் வரவில்லை. வாழ்ந்து முடித்த சுரங்க நகரங்களில் நமக்கு மிகப் பக்கத்தில் இருப்பது தங்கவயல். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி, குப்பம் வழியாகப் போனால் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மூன்று மாநிலங்களைத் தொட்டுப் போகும் வழி. மூன்றிலும் தமிழ் பேசி டீ குடிக்கலாம்.

தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தில் ஒரு பகுதி. தங்கவயலின் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் ஆகிய மாவட்டங்களிலிருந்து போன தமிழ், தெலுங்கு பேசும் ஏழைகள். அவர்களிலும் பெரும்பான்மையினர் தலித்துகள். நிலமில்லாமையும் பஞ்சமும் சாதியும் அவர்களைக் கிளப்பின. ஆகவே தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்க்காரர் ஒருவர் தங்கவயலுக்குப் போவதைச் சுற்றுலா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது போன்றதுதான் அது.

1802 வாக்கில் நில அளவைக்கு வந்த ஜான் வாரன் என்ற படை அதிகாரி, இந்தப் பகுதி மக்கள் மண்ணைக் கழுவிப் பொன் எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். நியூசிலாந்துப் போரில் இருந்துவிட்டுப் பெங்களூரில் குடியேறியிருந்த மைக்கேல் லாவெல் என்ற ஐரிஷ்காரர் 1871-இல் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கோலார் பக்கம் வந்தார். மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார், பணம் போதவில்லை. உரிமம் கைமாறியது. 1880-இல் லண்டனின் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகுதான் உண்மையான தங்கம் வெளிப்பட்டது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க் என நான்கு பெரிய சுரங்கங்கள். 2001 பிப்ரவரி 28-இல் மூடப்படும்வரை எடுத்த தங்கம் 800 டன்னுக்கு மேல். தொடக்கத்தில் ஒரு டன் பாறையில் கிடைத்த தங்கத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் கடைசியில் கிடைக்கவில்லை. மூடியதற்குச் சொன்ன காரணம் அதுதான்.

மின்சாரத்தின் கதை தருமபுரிக்காரர்களுக்குக் கூடுதலாக உறைக்கும். 1902-இல் காவிரியில் சிவசமுத்திரத்தில் மின்நிலையம் கட்டி, அங்கிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுபோனார்கள். அன்றைக்கு உலகத்திலேயே மிக நீளமான மின்தடங்களில் ஒன்று அது. பெங்களூர் நகரத் தெருக்களுக்கு விளக்கு வந்தது 1905-இல்தான். சிவசமுத்திரத்தில் சக்கரம் சுற்றிவிட்டுக் கீழே வரும் அதே காவிரி அடுத்து விழுவது ஒகேனக்கல்லில். ஆற்றின் மேல்பகுதி தங்கத்தைத் தூக்கியது. ஆற்றங்கரைச் சீமையின் மனிதர்கள் அந்தத் தங்கத்தை வெட்டினார்கள். குடிதண்ணீர் பாலாற்றுக்குக் குறுக்கே உள்ள பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வந்தது.

இனி ஊரின் அமைப்பு. தங்கவயல் திட்டமிட்ட நகரம் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். எதைத் திட்டமிட்டார்கள் என்று நடந்து பார்த்தால்தான் தெரியும். மேட்டில் துரைமார் பங்களாக்கள்: ஓட்டுக்கூரை, சுற்றிலும் தோட்டம், காற்றோட்டமான தாழ்வாரம். பக்கத்தில் கிளப், கோல்ஃப் மைதானம், மாதாகோயில். நடுவில் ஆங்கிலோ இந்தியர்களும் மேற்பார்வையாளர்களும் குடியிருந்த வீடுகள். பள்ளத்தில், சுரங்கத்துக்குள் இறங்கும் கிணறான சாஃப்டுக்கு அருகில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைன்கள். கடைகளுக்கும் குடியிருப்புக்குமாக மைசூர் அரசு சதுரம் சதுரமாகத் தெரு வகுத்து அமைத்தது ராபர்ட்சன்பேட்டை. மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த டொனால்ட் ராபர்ட்சனின் பெயர். இன்னொரு பக்கம் ஆண்டர்சன்பேட்டை. யார் எங்கே தூங்க வேண்டும், யார் கண்ணில் யார் படக் கூடாது என்பதுவரை இந்தத் திட்டத்தில் இருந்தது. கம்பெனி நகரம் என்பதன் பொருளே அதுதான்.

லைன் வீட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். தொடக்க காலத்தில் மூங்கில் தட்டியால் சுவர் வைத்த குடிசைகள். அதனால் தட்டி வீடு என்றே பெயர். பின்னால் செங்கலும் தகரமும் வந்தன. ஒரே கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு வீடுகள்; ஒரு வீட்டுச் சுவர் அடுத்த வீட்டுக்கும் சுவர். குனிந்துதான் நுழைய வேண்டும். ஓர் அறை, ஓரத்தில் அடுப்பு, வாசலில் நான்கு அடி அகலத்தில் ஒரு திண்ணை போன்ற இடம். ஷிப்டு முறையில் வேலை என்பதால் பகலில் ஒருவன் தூங்கும்போது குழந்தைகளை வெளியே துரத்திவிடுவார்களாம். அதனால் தங்கவயலில் தெருதான் வீடு. நான் போன வீட்டில் சுவரில் அம்பேத்கர் படம், அதன் பக்கத்தில் புத்தர், கீழே ஒரு பழைய தலைக்கவசம். கவசத்தின் முன்பக்கத்தில் விளக்கு மாட்டும் கொக்கி துருப்பிடித்திருந்தது.

அந்த வீட்டுப் பெரியவர் முப்பது ஆண்டு சாம்பியன் ரீஃபில் வேலை பார்த்தவர். பேசும்போது மூச்சுக்கு நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஒரு டப்பாவிலிருந்து பித்தளை வில்லை ஒன்றை எடுத்துக் காட்டினார். வில்லையில் துளை, துளைக்குக் கீழே ஓர் எண். கீழே இறங்கும்போது ஒன்றைக் கொடுத்துவிட்டு மேலே வரும்போது வாங்கிக்கொள்வார்களாம். ஷிப்டு முடிந்து பலகையில் எந்த எண் மிச்சமிருக்கிறதோ அவன் மேலே வரவில்லை என்று பொருள். "பேரெல்லாம் கேக்க மாட்டாங்கய்யா, நம்பர்தான்" என்றார்.

கீழே என்ன இருந்தது? சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. கடைசித் தளங்களில் பாறையின் வெப்பமே அறுபது டிகிரியைத் தாண்டும். குளிரூட்டிய காற்றை மேலிருந்து அனுப்பித்தான் ஆட்கள் வேலை செய்தார்கள். அத்தனை ஆழத்தில் பாறை சும்மா இருப்பதில்லை. மேலே இருக்கும் மூன்று கிலோமீட்டர் பாறையின் பாரம் முழுவதும் வெட்டிய இடத்தின் ஓரங்களில் வந்து உட்காரும். ஒரு கட்டத்தில் பாறை வெடித்துச் சிதறும். தங்கவயலில் அதற்குப் பெயர் ஏர்பிளாஸ்ட். கீழே வெடித்தால் மேலே லைன் வீட்டுப் பாத்திரங்கள் உருளும். பாத்திரம் உருண்டவுடன் பெண்கள் சாஃப்டை நோக்கி ஓடுவார்கள் என்று அந்த வீட்டு அம்மா சொன்னார். எந்தப் பக்கத்துச் சாஃப்ட் என்று சத்தத்திலேயே தெரிந்துவிடுமாம். பாறை இயக்கத்தை ஆராயும் தேசிய நிறுவனம் 1988-இல் தங்கவயலில் அமைந்ததற்கு இந்த வெடிப்புகளே காரணம். உலகத்தின் பாறைப் பொறியியல் பாடநூல்களில் கோலார் ஒரு தனிப் பக்கம்.

வெடிப்பில் சாகாதவர்களைத் தூசி பிடித்துக்கொண்டது. படிகப்பாறையைத் துளைக்கும்போது கிளம்பும் மணற்சத்துத் தூசி நுரையீரலில் படிந்து இறுகுவதைச் சிலிகோசிஸ் என்பார்கள். 1940-களில் காப்லான், பர்டன் என்ற இரு மருத்துவர்கள் தங்கவயல் தொழிலாளர்கள் 7,653 பேரைச் சோதித்தார்கள். 3,402 பேருக்கு அந்த நோய். நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேர். இந்தியாவில் மருத்துவம் படிக்கும் மாணவர்கள் சமூக மருத்துவப் பாடத்தில் கோலாரின் சிலிகோசிஸ் பற்றி இன்றும் படிக்கிறார்கள். அந்த 3,402 பேருக்கும் பெயர் இருந்தது என்பதுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்ல வருவது.

அதே ஆழத்தில் இன்னொன்றும் நடந்தது. மேலே உள்ள பாறை விண்கதிர்களைத் தடுத்துவிடும் என்பதால், மற்ற எதுவும் எட்டாத அந்த இருட்டு, நியூட்ரினோ என்ற நுண்துகளைத் தேட ஏற்ற இடம். 1965-இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, சாம்பியன் ரீஃபில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டார்கள். உலகில் அதை முதலில் கண்ட இரண்டு குழுக்களில் ஒன்று இது. மற்றது தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இருந்தது. எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன் போன்ற இயற்பியலாளர்கள் தங்கள் கருவிகளோடு, தொழிலாளர்கள் இறங்கிய அதே கூண்டில் இறங்கியவர்கள். அந்தக் கருவிகளுக்கான அறையைப் பாறையில் குடைந்துகொடுத்தது நம் தொழிலாளர்களின் கை. தேனிப் பக்கம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் பற்றிய விவாதம் வந்தபோது இந்த முன்கதையை நாம் போதிய அளவு பேசவில்லை.

தங்கவயலின் மரபு என்று எதைக் காட்டுவது என்ற கேள்வியில் எனக்குத் தெளிவான ஒரு பக்கம் உண்டு. பங்களாக்களைச் செப்பனிட்டு, கிளப்பை விடுதியாக்கி, "குட்டி இங்கிலாந்து" என்று பலகை மாட்டுவது எளிது. பணமும் வரும். 2018-இல் வந்த கன்னடப் படத்துக்குப் பிறகு ஊரின் பெயர் இந்தியா முழுக்கத் தெரிந்துவிட்டது. பொன் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஆட்கள் வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. வந்தவர்களுக்குக் காட்ட இதைவிடப் பெரிய செல்வம் அந்த ஊரில் கேட்பாரற்றுக் கிடக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

தமிழ்ப் பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னை ராயப்பேட்டையில் தொடங்கிய 'தமிழன்' இதழுக்குத் தங்கவயல்தான் பெரிய பலம். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் இயங்கின. கீழே எட்டு மணி நேரம் பாறை வெட்டியவர்கள் மேலே வந்து குளித்துவிட்டுச் சங்கத்தில் உட்கார்ந்து பாலி, தமிழ் நூல்கள் பற்றிச் சொற்பொழிவு கேட்டார்கள். 1914-இல் பண்டிதர் மறைந்த பிறகு அவருடைய நூல்களைத் திரும்ப அச்சிட்டுக் காப்பாற்றியது தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை. 1926-இல் 'தமிழன்' இதழை அங்கேயே உயிர்ப்பித்து நடத்தினார் ஜி. அப்பாதுரையார். கூலித் தொழிலாளர்களின் சந்தாவில் இப்படி ஒரு சிந்தனை மரபு நிலைத்தது தமிழ் அறிவுலக வரலாற்றில் அரிய செய்தி. அந்தத் தொழிலாளர்கள் இல்லையென்றால் அயோத்திதாசரின் எழுத்துகளில் எவ்வளவு நம் கைக்கு வந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. அந்தச் சங்கக் கட்டடங்கள், அச்சுக்கூடம் இருந்த தெரு, படிப்பகங்கள் இவற்றுக்கு ஒரு பலகை வைத்தால், தங்கச் சுரங்கத்தைப் பார்க்க வந்தவர் ஒரு நூலகத்தைப் பார்த்துவிட்டுப் போவார்.

போராட்டங்களும் அப்படித்தான். 1930-இல் எல்லாத் தொழிலாளர்களின் கைரேகையையும் பதிவுசெய்ய கம்பெனி முனைந்தபோது வேலைநிறுத்தம் வெடித்தது. தங்கம் திருடுவார்கள் என்ற சந்தேகத்தில் ஒரு நகரத்தையே குற்றவாளிப் பட்டியலில் வைப்பதா என்பது தொழிலாளர்களின் கேள்வி. 1946 நவம்பர் 4-இல் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் தங்கவயலில் தியாகிகளுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். நடுகல் மரபு எங்கே தொடர்கிறது என்று கேட்பவர்களை நான் அங்கேதான் அனுப்புவேன். 1954-இல் அம்பேத்கர் தங்கவயலுக்கு வந்தார். அந்த வருகையைப் பற்றிப் பேசாத குடும்பம் லைன்களில் இல்லை.

மற்ற நாடுகளில் என்ன செய்தார்கள்? நம் நிலைமைக்கு மிக நெருங்கியது இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் உள்ள சாவாலுந்தோ. டச்சுக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நிலக்கரிக்காகத் திட்டமிட்டுக் கட்டிய ஊர். கைதிகளைச் சங்கிலியில் பிணைத்துக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். நிலக்கரி வற்றியபோது அந்த ஊரும் காலியாகத் தொடங்கியது. 2001-இல் நகர நிர்வாகம் இதைச் சுரங்கச் சுற்றுலா நகரமாக்குவது என்று முடிவெடுத்தது. 2019-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே முதலில் அருங்காட்சியகமாக்கிய இடங்களில் ஒன்று ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்குச் சோறு வடித்த பொதுச் சமையற்கூடம். அந்தப் பெரிய கொப்பரைகளை அப்படியே வைத்திருக்கிறார்கள். சங்கிலிக் கைதிகள் வெட்டிய சுரங்கவழி ஒன்றில் இறங்கி நடக்கலாம். சங்கிலியை அவர்கள் மறைக்கவில்லை என்பதால்தான் அந்த ஊருக்கு மதிப்பு என்று கருதுகிறேன்.

வேல்ஸ் நாட்டில் பிளைனவோன் என்ற ஊரில் 1980-இல் மூடிய நிலக்கரிச் சுரங்கத்தை 1983-லேயே பார்வையாளர்களுக்குத் திறந்தார்கள். வழிகாட்டிகளாக இருந்தவர்கள் அங்கே வேலை பார்த்த தொழிலாளர்கள். மூன்றே ஆண்டு இடைவெளி என்பதைக் கவனியுங்கள். தங்கவயல் மூடி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. மூடும்போது இருபத்தைந்து வயதில் இருந்த இளைஞனுக்கு இன்று ஐம்பது. அன்று நாற்பதில் இருந்தவர்களில் தூசி தின்ற நுரையீரலோடு எத்தனை பேர் இருக்கிறார்கள்? மலேசியாவில் பத்து ஆராங் நிலக்கரி நகரத்திலும் தமிழர்கள் உழைத்தார்கள். 1960-இல் மூடிய அந்தச் சுரங்கத்தைப் பற்றி நேரில் அறிந்து சொல்லும் தமிழ்க் குரல் இன்று அருகிவிட்டது. தங்கவயலும் அந்தப் பாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறது.

தங்கவயலில் கீழே இறங்கிப் பார்க்க வழியில்லை. தண்ணீர் இறைக்கும் பம்புகளை நிறுத்தியதும் தளங்கள் ஒவ்வொன்றாக மூழ்கின. எனவே இங்கே மரபு என்பது நிலத்துக்கு மேலே இருப்பதுதான்: சாஃப்ட் கோபுரங்களில் எஞ்சியவை, கூண்டை ஏற்றி இறக்கிய வைண்டிங் எந்திர அறைகள், லைன்கள், சங்கங்கள், கல்லறைத் தோட்டங்கள், அப்புறம் அந்த மேடுகள். பொன் பிரித்த பிறகு கொட்டிய கழிவு மண் ஏறத்தாழ 3.3 கோடி டன். வெளிறிய சாம்பல் நிறத்தில் குன்றுகளாக நிற்கின்றன. மழை அரித்த தாரைகள் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. ஆடி மாதக் காற்றில் அந்தத் தூள் லைன் வீட்டுச் சோற்றில் விழும். அந்த மண்ணில் இன்னும் கொஞ்சம் தங்கம் உண்டு. அதை மறுபடி பிரித்தெடுக்க 13 மேடுகளை ஏலம்விடும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024-இல் ஒப்புதல் தந்தது. தூசி போனால் குழந்தைகளுக்கு நல்லது; வேலையும் வரலாம். மேடுகளைக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்று வெளியூர்க்காரனான நான் சொல்வது நியாயமாகாது. மேட்டை அகற்றுமுன் அதன் கதையைப் பதிவுசெய்யுங்கள், ஒன்றையாவது மண் பறக்காமல் புல் மூடி நிறுத்துங்கள் என்று கேட்கலாம்.

இதைவிட முக்கியமான கோரிக்கை ஊரில் இருக்கிறது. குடியிருக்கும் லைன் வீட்டைத் தங்கள் பெயருக்குப் பட்டா செய்து தர வேண்டும் என்று முன்னாள் தொழிலாளர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். மரபுத் தலம் என்ற பெயரில் அவர்களைக் காலிசெய்ய வைத்தால் அதைவிடக் கொடுமை வேறில்லை. வீடு அவர்களுடையதாக இருக்கட்டும். விருந்தாளியை உள்ளே அழைப்பதா வேண்டாமா என்பதும் அவர்கள் முடிவாக இருக்கட்டும். திண்ணையில் உட்காரவைத்துக் கதை சொல்பவருக்கு அதற்கான கூலியைக் கொடுக்க வேண்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. யார் வீட்டிலிருந்து யார் போனார்கள் என்பது இன்னும் கிராமங்களில் வாய்மொழியாக இருக்கிறது. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பாலக்கோடு பக்கத்துப் பள்ளிகளில் வரலாறு எடுக்கும் ஆசிரியர்கள் மாணவர்களிடம், "உங்கள் குடும்பத்தில் யாராவது மைன்ஸுக்குப் போனார்களா?" என்று வீட்டில் கேட்டுவரச் சொன்னால் போதும். கிடைக்கும் பெயர்களை அகழ்வைப்பகத்தின் நடுகற்களுக்குப் பக்கத்தில் ஒரு சுவரில் எழுதி வைக்கலாம்.

அன்று மாலை மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டேன். 1894-இல் தங்கத்துக்காகப் போட்ட கிளை ரயில் அது. இப்போது விடியற்காலையில் ஊரின் பாதி உழைப்பைப் பெங்களூருக்கு ஏற்றிப் போய் இரவில் கொண்டுவந்து இறக்குகிறது. பெரியவரும் வழியனுப்ப உடன் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தபோது, ஓர் ஏர்பிளாஸ்டில் தன்னோடு இறங்கித் திரும்பாத கேங்கைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். என் நோட்டை எடுக்கச் சொன்னார். ஒவ்வொரு பெயராக, அப்பா பெயரோடு, சொந்த ஊரோடு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஏழாவது பெயருக்கு ஊர் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. கண்ணை மூடி யோசித்தார். பெங்களூர் ரயில் வந்து நின்று, சாப்பாட்டுப் பைகளோடு ஆட்கள் இறங்கி லைன்களை நோக்கி நடந்து முடித்த பிறகு, "காரிமங்கலம் பக்கம்" என்றார். எழுதிக்கொண்டேன்.